அனர்த்த காலத் தொலைத்தொடர்புத் தடைகளை நிறுவனங்கள் தாமாக முன்வந்து அறிவித்தால் போதாதா?

கேள்வியில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. வெள்ளம், புயல் நேரங்களில் எந்தக் கோபுரம் இயங்கவில்லை என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தாமாக முன்வந்து அரசுக்கு அறிவித்துவந்த அமெரிக்க முறை இலங்கைக்குப் பொருந்துமா என்பது ஒன்று. அதனால் மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு ஏதும் பயன் உண்டா என்பது மற்றது. பயன் நிறைய உண்டு, ஆனால் நிறுவனங்களின் விருப்பத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதே என் நிலைப்பாடு. நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் வசிப்பவன். மாரிகாலங்களில் எங்கள் கிராமத்து அனர்த்த முகாமைத்துவக் குழுவோடு வேலை செய்பவன். எனவே எங்கள் ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ள நாட்களில் படகு எந்தப் பக்கம் போவது, சமைத்த உணவை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் பெரும்பாலும் வந்துசேரும் தொலைபேசி அழைப்புகளை வைத்தே தீர்மானமாகின்றன. பலமுறை அழைக்கும் ஊர் பட்டியலில் மேலே ஏறுகிறது. அழைப்பே வராத ஊருக்கு ஒன்றும் நேரவில்லை என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் அந்த ஊரின் முறை பிந்திவிடுகிறது. மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் என் தாய்மாமன் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு சொன்னார்: "மருமகன், நாங்க கேக்காம இருக்கல்ல. போன்ல ஒரு கோடும் இல்ல, யாருக்குச் சொல்ற?" மின்சாரம், பாதை, தொலைபேசி மூன்றும் ஒன்றாகப் போன ஊர்தான் அதிக ஆபத்தில் இருக்கும் ஊர். அந்த ஊரிலிருந்துதான் அழைப்பும் வராது. ஆகவே எங்கே தொடர்பு அறுந்திருக்கிறது என்ற தகவல், முதலில் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும் தகவலாகவும் இருக்கிறது.

கோபுரம் சரிந்தால்தான் தொடர்பு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். 1978 நவம்பர் 23 அன்று கிழக்கைத் தாக்கிய சூறாவளி போல மரங்களையும் கம்பங்களையும் வேரோடு சாய்க்கும் காற்று அடித்தால் அப்படியும் நடக்கும். ஆனால் வெள்ளத்தின்போது கோபுரம் பெரும்பாலும் நிமிர்ந்தபடியே செயலிழக்கிறது. மின்சாரம் நின்றதும் பற்றரி சில மணித்தியாலங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். மின்பிறப்பாக்கி இருந்தால் டீசல் தீரும்வரை ஓடும். பாதைக்கு மேலாக நீர் பாயும்போது டீசலைக் கொண்டுபோக வழியிராது. கோபுரத்துக்கு மின்சாரம் இருந்தும், அதைப் பிரதான வலையமைப்போடு இணைக்கும் ஃபைபர் கேபிள் ஒரு பாலத்தடியில் அறுந்தாலோ, தொடர்பைக் கைமாற்றித் தரும் இன்னொரு கோபுரம் நின்றுபோனாலோ அழைப்புப் போகாது. இந்தக் காரணங்களைப் பிரித்தறிவது முக்கியம். டீசல் தேவைப்படும் இடத்துக்குப் படகில் ஒரு பரல் டீசலும், கேபிள் அறுந்த இடத்துக்குத் தொழில்நுட்பவியலாளர் குழுவும் போக வேண்டும். மின்சாரம் மட்டுமே போயிருந்தால், எந்த வழித்தடத்தை முதலில் சீர்செய்வது என்பதை மின்சாரம் வழங்கும் நிறுவனம் தீர்மானிக்க அந்தத் தகவல் உதவும். "சிக்னல் இல்லை" என்ற பொதுவான முறைப்பாட்டால் இவற்றில் எதுவும் நடக்காது.

இனி அமெரிக்க முறைக்கு வருகிறேன். 2005இல் கத்ரீனா சூறாவளி தொலைத்தொடர்பைச் சிதைத்த அனுபவத்துக்குப் பின்னர், அந்நாட்டின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 2007இல் அனர்த்தத் தகவல் அறிக்கையிடல் முறை ஒன்றைத் தொடங்கியது. அது எப்போதும் இயங்குவதில்லை. பெரிய அனர்த்தம் ஒன்று நெருங்கும்போது, அவசரகால முகாமைத்துவ நிறுவனத்தோடு கலந்து, குறிப்பிட்ட பிரதேசங்களுக்கு மட்டும் அதை இயக்குவார்கள். இயக்கிய பிறகு நிறுவனங்கள் நாள்தோறும் எத்தனை கோபுரங்கள் சேவையில் இல்லை, காரணம் சேதமா, மின்தடையா, இணைப்புத் துண்டிப்பா என்று தெரிவிக்கும். அந்தந்த நிறுவனத்தின் விபரம் இரகசியமாகப் பேணப்படும். எல்லாவற்றையும் கூட்டிய தொகை மட்டும் மாவட்டம் போன்ற கவுண்டி வாரியாகப் பொதுமக்களுக்கு வெளியிடப்படும். 2017 செப்டெம்பரில் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய மறுநாள், அங்குள்ள கோபுரங்களில் ஏறத்தாழ 95 வீதம் சேவையில் இல்லை என்பதை உலகம் அறிந்தது இந்த முறையால்தான்.

அந்த அறிக்கையிடல் பல ஆண்டுகள் கட்டாயமில்லாமலே இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது: தண்டனை வருமோ, போட்டி நிறுவனத்துக்கு விளம்பரமாகுமோ என்ற பயமில்லாமல் உண்மையைச் சொல்ல முடியும், இரவு பகலாகப் பழுதுபார்க்கும் ஊழியர்களைப் படிவம் நிரப்பும் வேலையில் மாட்டிவைக்கவும் கூடாது. இந்தக் காரணங்களை நான் மதிக்கிறேன். வெள்ளத்தில் நனைந்தபடி கோபுரத்தின் பற்றரியை மாற்றும் இளைஞர்களை எங்கள் பக்கத்தில் கண்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. அறிக்கை தராத நிறுவனமும் சேதமே இல்லாத நிறுவனமும் அட்டவணையில் ஒரே மாதிரித்தான் தெரியும். அழைப்பு வராத ஊருக்கு நேர்வதே அறிக்கை வராத நிறுவனத்தின் விடயத்திலும் நேர்கிறது: மௌனத்துக்கு இரண்டு பொருள் இருந்தால் அதை நம்பி ஒரு படகைக்கூட அனுப்ப முடியாது. 2024 ஜனவரியில் அந்த ஆணைக்குழு கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, கேபிள் நிறுவனங்களுக்கு இந்த அறிக்கையிடலைக் கட்டாயமாக்கியதை நான் சரியான முடிவாகவே பார்க்கிறேன்.

இலங்கையில் இதைச் செய்யப் பெரிய புதிய சட்டம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் நிறுவனங்கள் அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்குகின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையமோ 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்டம்தோறும் செயற்படுகிறது. அனர்த்தம் அறிவிக்கப்பட்ட நாட்களுக்கு மட்டும், ஒரு நாளில் இரண்டு முறை, "தடை எதுவும் இல்லை" என்றாலும் அதையே எழுதி அனுப்ப வேண்டும் என்று அனுமதிப்பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். தடை ஏற்பட்டதற்காக அல்லாமல், சொல்லாமல் விட்டதற்காக மட்டும் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் அமெரிக்க முறையை அப்படியே எடுக்கக் கூடாது. மாவட்ட அளவில் வீதம் சொல்வது எங்களுக்கு உதவாது. மட்டக்களப்பு மாவட்டத்தில் 200 கோபுரங்கள் இருப்பதாகவும், அவற்றில் 10 நின்றுவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். 5 வீதம்தானே என்று கொழும்பில் இருப்பவர் ஆறுதலடைவார். அந்தப் பத்தும் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவுப் பக்கங்களில் இருந்தால் படுவான்கரை முழுவதும் வாய் பேச முடியாமல் இருக்கும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் பிரதான வீதியோரம் ஒரு கோபுரம் நின்றாலும் பக்கத்துக் கோபுரம் ஓரளவு ஈடுகொடுக்கும். வயலும் குளமும் பரந்த உட்பகுதியில் அந்த வசதி குறைவு. கோபுரங்களின் எண்ணிக்கையும் மக்களுக்குக் கிடைக்கும் சேவையும் ஒன்றல்ல என்பதை அமெரிக்க அறிக்கைகளே குறிப்பிடுவதுண்டு. எனவே இங்கே தகவல், மிகச் சிறிய நிர்வாக அலகான கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக வர வேண்டும். பொத்துவிலுக்கும் அம்பாறை நகருக்கும் ஒரே மாவட்டப் பெயர் இருப்பதால் ஒரே எண் போட முடியாது.

மக்கள் தாமாக அறிவிப்பதற்கும் இதில் இடம் உண்டு, அதைக் கட்டாயமாக்கவும் கூடாது. தொடர்பு அறுந்த ஊரிலிருந்து அறிவிக்க எவராவது பாலத்தடிக்கோ மேட்டுக்கோ வந்து அழைக்க வேண்டியிருக்கும். அப்படி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பவர்கள், ஊரின் பெயரோடு எந்த நிறுவனத்தின் இணைப்பு, எத்தனை மணியிலிருந்து இல்லை, மின்சாரம் இருக்கிறதா, வேறு நிறுவனத்தின் சிம் அங்கே வேலை செய்கிறதா என்பவற்றையும் சொன்னால் அது பயனுள்ள அறிக்கையாகிவிடும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஒரு நிறுவனம் மட்டும் போயிருந்தால், மற்றதன் சிம் வைத்திருப்பவரே அன்று அந்த ஊருக்குத் தொடர்பாளர்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கத்தை முயன்று வருகிறோம். மழை கடுமையாகும் நாட்களில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொறுப்பானவர் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் "இருக்கிறோம்" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்ப வேண்டும். செய்தி வராத வட்டாரத்தைப் பிரச்சினை உள்ளதாகவே எடுத்துக்கொண்டு ஆளை அனுப்புகிறோம். சில வேளை அவர் நித்திரையாக இருந்திருப்பார். வீணாக நடந்தோம் என்று எவரும் முறையிட்டதில்லை.

கேட்டவர் கிழக்கில் இருப்பவர் என்றால், மாரிக்கு முன்னர் பிரதேச செயலகத்தில் நடக்கும் ஆயத்தக் கூட்டத்துக்குப் போய் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: உங்கள் பிரிவுக்குச் சேவை தரும் கோபுரங்கள் எவை, அவற்றில் மின்பிறப்பாக்கி உள்ளவை எவை. அந்தப் பட்டியல் கூட்டத்தில் இல்லையென்றால், அதை நிறுவனங்களிடமிருந்து எழுத்தில் கோரும்படி கூட்ட அறிக்கையில் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.