படகில் சாக்கடை கிடையாது: கால்வாய்ப் படகில் குடியேறுவோருக்கு

கேள்வி: நாங்கள் இருவரும் பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறோம். வாடகை கட்டி மாளாமல் 57 அடி நேரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு) ஒன்றைப் பேசி முடித்துவிட்டோம், அக்டோபரில் குடியேறுகிறோம். நிலையான படகுத்துறை எடுக்கவில்லை, 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கப்போகிறோம். வாரத்தில் பாதி நாள் படகிலிருந்தே வேலை. சமையல் நம்ம ஊர்ச் சமையல்தான். கால்வாயைக் கெடுக்காமல், டீசலையும் கூடுமானவரை எரிக்காமல் வாழ ஆசை. கம்போஸ்ட் டாய்லெட் வைக்கலாமா? 400 வாட் சோலார் போதுமா? பாட்டரியை லித்தியமாக மாற்றலாமா?

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சமையலறை சிங்க்கின் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? படகின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு துளை இருக்கும். அதன் வழியே நேராகக் கால்வாயில் விழுகிறது. குளியல் தண்ணீரும் அப்படித்தான். கழிப்பறைக் கழிவை மட்டும்தான் பிடித்துவைக்கிறோம். மற்றதெல்லாம் வடிகட்டாமல் வெளியேறுகிறது. இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் கால்வாய் ஆறு இல்லை. ஒன்றேகால் மீட்டர் ஆழம்கூட இல்லாத, ஏறக்குறைய நின்ற தண்ணீர். ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே கிடக்கும்.

நம் சமையலில் முதலில் கவனிக்க வேண்டியது வடிகஞ்சி. வெறும் சோற்றுத் தண்ணீர்தானே, மீன் தின்னும் என்று தோன்றும். கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்தைப் பாக்டீரியாக்கள் தின்று பெருகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. கோடையில் வெதுவெதுப்பான, அசையாத தண்ணீரில் மீனுக்கு மூச்சுமுட்டுவது இப்படித்தான். ஆகவே படகில் சோற்றை வடிக்க வேண்டாம். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் வையுங்கள், கேஸும் மிச்சம். சாம்பார், குழம்பு மீதியையும் சிங்க்கில் கொட்டாமல், மூடிபோட்ட சிறு வாளியில் சேர்த்து உணவுக்கழிவுத் தொட்டியில் போடுங்கள். தாளித்த கடாயைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் அழுத்தித் துடைத்து, அந்தத் தாளைக் கணப்பு அடுப்பில் போட்டுவிடலாம். எண்ணெய் சிங்க்கில் இறங்கினால், குளிர்ந்த இரும்புச் சுவரை ஒட்டிப் போகும் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஜனவரியில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது சுலபமான வேலை இல்லை.

அடுத்து, பலரும் நல்லெண்ணத்தோடே செய்கிற தவறு. சோப்பு, ஷாம்பு வேண்டாம், சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இயற்கைப் பொருள்தானே என்று நினைப்பார்கள். இரண்டிலும் நுரை வருவது சபோனின் என்ற பொருளால். அது மீன்களின் செவுளைத் தாக்கும். மனிதத் தோலுக்கு நல்லது எல்லாம் மீனுக்கும் நல்லது என்று கணக்குப் போட முடியாது. தவிர, அரைத்த சீயக்காய்த் தூளும் தலைமுடியும் சேர்ந்தால் குளியல் தொட்டியிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றும் பம்ப்பின் சல்லடை இரண்டே குளியலில் அடைபடும். எண்ணெய்க் குளியலை ஜிம்மிலோ நண்பர் வீட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். துணிகளுக்கும் இதே கணக்குத்தான். படகில் வாஷிங் மெஷின் வைப்பதைவிட நகரத்து லாண்ட்ரியில் துவைப்பது கால்வாய்க்கு நல்லது. பாத்திரத்துக்கு வாசனையும் நிறமும் இல்லாத திரவ சோப்பு, வழக்கமான அளவில் பாதி போதும். மக்கும் என்று புட்டியில் போட்டிருந்தாலும், மக்குவதற்கு நாள் ஆகும். அதுவரை அது தண்ணீரில்தான் கிடக்கும். பிளீச் அறவே வேண்டாம்.

இனி டாய்லெட். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் வகையைத்தான் படகுக்காரர்கள் கம்போஸ்ட் டாய்லெட் என்கிறார்கள். உண்மையில் அதற்குள் எதுவும் உரமாவதில்லை, காய்வதோடு சரி. இருவருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் சிறுநீர் சேரும். அதை எல்சான் பாயிண்ட் எனப்படும் கழிவிறக்கும் இடத்தில்தான் ஊற்ற வேண்டும்; கால்வாயிலும் வேலியோரத்திலும் ஊற்றக் கூடாது. திடக்கழிவின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி தேங்காய் நார்த்தூள் தூவுவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் அதே தூள்தான், கட்டியாக அழுத்தி இங்கிலாந்துத் தோட்டக் கடைகளில் விற்கிறார்கள். வாளி ஒரு வாரத்தில் நிறையும். சிக்கல் அதற்குப் பிறகு. பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவதை, கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் 2021 டிசம்பர் முடிவோடு தன் தொட்டிகளில் நிறுத்திவிட்டது. நோய்க்கிருமி சாக ஓராண்டாவது மக்கவிட வேண்டும். அதாவது காற்றோட்டமுள்ள பெட்டிகள் மூன்று நான்கைப் படகுக் கூரையில் சுமந்துகொண்டு திரிய வேண்டும். நிலமோ தோட்டமோ உள்ள நண்பர் ஒருவர் உறுதியாக இருந்தால் செய்யுங்கள்.

இல்லையென்றால், நிலையான இடமில்லாத உங்களுக்கு, கழிவுப் பெட்டியைக் கழற்றி எடுத்துப்போய்க் காலி செய்யும் கேசட் டாய்லெட்தான் சரி என்பது எங்கள் முடிவு. ஒரு கேசட் 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும். இருவருக்கு இரண்டு மூன்று நாள். உபரியாக இன்னும் இரண்டு கேசட் வாங்கிவையுங்கள். கால்வாய் உறைந்து ஒரு வாரம் நகர முடியாமல் போனால் கைகொடுக்கும். கேசட்டில் ஊற்றும் நீல மருந்து வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஃபார்மால்டிஹைடு, கழிவைத் தின்று சுத்தம் செய்ய வேண்டிய பாக்டீரியாவையே கொல்லும். ஃபார்மால்டிஹைடு இல்லாத பச்சை மருந்தே போதும். கோடையில் மட்டும் நாள் தள்ளாமல் காலி செய்ய வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். உங்கள் தேவையைக் கூட்டிப் பாருங்கள். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளொன்றுக்கு 0.4 முதல் 0.5 யூனிட். இரண்டு லேப்டாப் 0.4. ரவுட்டர், போன் 0.2. விளக்கும் தண்ணீர் பம்ப்பும் 0.1. ஆக மொத்தம் ஏறத்தாழ 1.2 யூனிட். தட்டையாகப் படுத்திருக்கும் 400 வாட் பேனல் ஜூன் மாதத்து நல்ல வெயிலில் 1.8, 2 யூனிட் தரும், மிச்சமே இருக்கும். டிசம்பரில் அதே பேனல் 0.2 யூனிட் தந்தால் பெரிது. பர்மிங்ஹாமில் டிசம்பர் உச்சிவெயிலுக்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் 14 பாகைதான் ஏறுகிறது. பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்கும் தாங்கிகள் பொருத்தினால் தெளிவான நாளில் நல்ல பலன் உண்டு. கிளம்பும் முன் மறக்காமல் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் முதல் தாழ்ந்த பாலத்திலேயே பிய்ந்துவிடும். மரநிழலில் படகைக் கட்டாதீர்கள். பேனல் எத்தனை வாங்கினாலும் குளிர்காலப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அங்கே தேவையைக் குறைப்பதுதான் வழி.

குறைக்க எளிதான இடம் இன்வெர்ட்டர். சும்மா இருக்கும்போதே அது 10 முதல் 20 வாட் குடிக்கும். 24 மணி நேரமும் போட்டே வைத்தால் ஒரு ஃபிரிட்ஜ் அளவுக்குச் செலவு! லேப்டாப்பை 12 வோல்ட்டிலிருந்து நேராகச் சார்ஜ் செய்யும் சாதனம் வாங்குங்கள். மிக்ஸி, கிரைண்டருக்கு மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு உடனே அணையுங்கள். 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் 150 வாட்தான். 40 நிமிடம் மாவாட்டினால் 0.1 யூனிட், தாராளமாக ஆட்டலாம். 750 வாட் மிக்ஸி கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும் என்பதால் 2000 வாட் ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் வேண்டும். எலெக்ட்ரிக் கெட்டிலையும் இண்டக்ஷன் அடுப்பையும் கரையிலேயே விட்டுவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஃபிரிட்ஜையும் அணைத்துவிடலாம். முகப்புத் தளத்தில் மூடிபோட்ட பெட்டி ஒன்றில் பாலும் காய்கறியும் கெடாது.

மீதிக்கு எஞ்சின். ஓட்டமில்லாமல் சார்ஜுக்காக மட்டும் ஓட விட்டால் மணிக்கு 1 முதல் 1.5 லிட்டர் டீசல் போகும். ஈய பாட்டரியின் குணத்தைப் பேட்டரி மானிட்டரில் கண்ணெதிரே பார்க்கலாம். தொடக்கத்தில் உள்ளே ஏறும் மின்னோட்டம் 60 ஆம்ப் காட்டும். முக்கால்வாசி நிறைந்ததும் 30, பிறகு 12, பிறகு 7. எஞ்சின் அதே சத்தத்தோடு அதே டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும். இப்போதே போதும் என்று அணைத்து, வாரக்கணக்கில் முழுக்க நிறைக்காமல் விட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து ஒரே குளிர்காலத்தில் பாட்டரி செத்துவிடும். லித்தியம் அயர்ன் (இரும்பு) பாஸ்பேட் பாட்டரி கிட்டத்தட்டக் கடைசிவரை ஒரே வேகத்தில் நிறையும், அரைகுறையாக விட்டாலும் கெடாது. வாரம் ஒருமுறை ஆறேழு மணி நேரம் எஞ்சின் ஓட்டும் கட்டாயம் போய்விடும். நிலையான துறை இல்லாத உங்களுக்கு இந்தச் செலவு நியாயமானதே. 200 ஆம்ப்-அவர் போதும்.

ஆனால் மூன்று விஷயம். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இணைத்தால் லித்தியம் இழுக்கும் இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். இடையில், மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பாட்டரியின் பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்தால், வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடு போகும். இதையும் அந்தச் சார்ஜரே தடுக்கும். மூன்றாவது, 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். எஞ்சின் அறையில் வைக்காமல் உள்ளே, கட்டிலுக்கு அடியில் வையுங்கள். சார்ஜுக்காக எஞ்சின் ஓடும் நேரத்தில் வெந்நீர் டேங்க்கும் சூடாகும், எனவே குளியலையும் பாத்திரத்தையும் அதையொட்டி வைத்துக்கொண்டால் ஒரே டீசலில் இரண்டு வேலை. கட்டியிருக்கும் இடத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக் கூடாது.

டீசலுக்குப் பதிலாக, கழிவு எண்ணெயிலிருந்து தயாரிக்கும் எச்விஓ எரிபொருள் பெரும்பாலான எஞ்சின்களில் மாற்றமின்றி ஓடும். விற்கும் இடங்கள் குறைவு, விலை கூடுதல். பனை எண்ணெய் கலவாதது என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

குளிர்காலத்தில் நீங்கள் எரிப்பதில் பெரும்பங்கு கணப்பு அடுப்பில்தான். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியை வெளிப்புறத்தில் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். ஈர விறகு எரிந்தால் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போகும், புகை அடர்த்தியாகி அக்கம்பக்கத்துப் படகுகளில் இறங்கும், புகைக்குழாய் விளிம்பிலிருந்து கறுப்புத் தார் கூரையில் வடியும். விறகு போட்டதும் காற்றுத் துவாரத்தை 15 நிமிடம் நன்றாகத் திறந்துவைத்துப் பிறகே குறையுங்கள். இரவு முழுக்கத் தணல் நிற்க வேண்டுமென்றால் புகையில்லா கரிக்கட்டி. சாம்பலை மூடிபோட்ட இரும்பு வாளியில் கொட்டி வாளியை வெளியே வையுங்கள், அறைக்குள் வைத்தால் அணையாத தணல் கார்பன் மோனாக்சைடு கக்கும். இங்கிலாந்துப் படகுகளில் இந்த வாயுவுக்கான அலாரம் 2019 முதல் கட்டாயம். எவ்வளவு குளிரடித்தாலும் நிலையான காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள்.

விறகைக் குறைக்கும் வழி ஜன்னலில் இருக்கிறது. ஒற்றைக் கண்ணாடிக்கு உள்பக்கம், காந்தப்பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடு வைத்தால் குளிரும் குறையும், கண்ணாடியில் வழியும் ஈரமும் குறையும். அந்த ஈரத்துக்கு கேஸும் காரணம். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி; 13 கிலோ சிலிண்டர் காலியாகும்போது 21 லிட்டர் தண்ணீரைப் படகுக்குள் விட்டிருக்கும். இட்லி வேகும் ஆவி தனி. கணப்பு எப்படியும் எரிகிறது, பருப்பையும் ரசத்தையும் அதன் தலைமேல் வையுங்கள். சோற்றுக்குத் தெர்மல் குக்கர் நல்லது. பத்து நிமிடம் கொதிக்க வைத்து மூடினால் மீதியைத் தன் சூட்டிலேயே முடித்துக்கொள்ளும்.

வாங்கும் முன் எஞ்சின் பலகையைத் தூக்கிப் படகின் அடிவயிற்றை, அதாவது பில்ஜை, டார்ச் அடித்துப் பாருங்கள். சுழலித் தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில், தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் இருக்கும். படகு ஓடும்போது அங்கே நிமிடத்துக்குச் சில சொட்டு விழுவது இயல்பு. நின்றபின் கிரீஸ் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் நிற்க வேண்டும். சொட்டும் தண்ணீர் எஞ்சினுக்கு அடியில் வடிந்த எண்ணெயோடு கலந்தால், மட்டம் ஏறியதும் தானியங்கிப் பம்ப் விழித்துக்கொண்டு அத்தனையையும் கால்வாயில் துப்பும். நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள், தண்ணீர்மேல் வானவில் படலம் படர்ந்திருக்கும். எஞ்சின் தட்டுக்கும் கிளாண்ட் பகுதிக்கும் இடையில் இரும்புத் தடுப்பு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தண்ணீரை விட்டுவிடும் வெள்ளைப் பட்டையொன்றை இரு பகுதியிலும் போட்டுவைத்து, கறுத்ததும் மாற்றுங்கள். பழைய எண்ணெயோடு அதுவும் மறுசுழற்சி மையத்துக்குத்தான் போக வேண்டும்.

ஓட்டும்போது வேக வரம்பு மணிக்கு 4 மைல். பல இடங்களில் அதுவே அதிகம். பின்னால் திரும்பிப் பாருங்கள். அலை கரையில் உடைந்து நுரைத்தால் கரைமண் அரிக்கிறது, நீர் எலிகளின் வளைகள் சரிகின்றன என்று அர்த்தம். அலை மடங்காமல் வழுக்கிப் போகும்வரை வேகத்தைக் குறையுங்கள்.

படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் லாக் எனப்படும் நீர்ப்பூட்டை ஒருமுறை இயக்கினால், குறுகலானதிலேயே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழிறங்கிவிடும். வூஸ்டர் அண்ட் பர்மிங்ஹாம் கால்வாயில் டார்டபிக்கில் அடுத்தடுத்து 30 லாக் உண்டு. அங்கே உங்களுக்கு எதிராக நிற்கும் (அதாவது நீர்மட்டம் நீங்கள் நிற்கும் பக்கத்தோடு ஒத்துப்போகாத) லாக்கைத் திருப்பும் முன், மதகைத் திறக்கும் திருகுசாவியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த லாக் வரை நடந்துபோய்ப் பாருங்கள். எதிர்த்திசையில் படகு வந்துகொண்டிருந்தால் காத்திருந்து அவர்களை முதலில் விடுங்கள். அதே தண்ணீரில் நீங்களும் கடந்துவிடலாம்.