காதல் ஓவியத்தில் பெண்: மனநிலையும் குறியீடும் – கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் சோகத்தில் இருக்கிறாள் என்று நானும், காதல் மயக்கத்தில் இருக்கிறாள் என்று நண்பரும் வாதிடுகிறோம். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் முகத்தை மட்டுமே பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாதி மூடிய இமையும் சற்றே திறந்த உதடும் இரண்டு உணர்வுகளுக்கும் பொருந்தும். முகத்தை மறைத்துவிட்டுத் தோளையும் விரல்களையும் பாருங்கள். மடியில் தளர்ந்து கிடக்கும் கையும் முந்தானை ஓரத்தை இறுகப் பற்றிய கையும் ஒரே மனநிலையைச் சொல்வதில்லை.

கேள்வி: கையில் பூ இருந்தால் அது காதலைத்தானே குறிக்கும்?

பதில்: எந்தப் பூ, அதை யார் தருகிறார் என்பதைப் பொறுத்தது. ஆங்கில ஓவியர் ரொசெட்டியின் 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' ஓவியத்தில், கண்மூடி முகம் உயர்த்தி அமர்ந்திருக்கும் பெண்ணின் கைகளில் ஒரு சிவப்புப் புறா வெண்ணிறக் கசகசாப் பூவை இடுகிறது. அபினி கிடைப்பது அந்தச் செடியிலிருந்துதான். ஓவியத்துக்கு முகம் தந்த, ரொசெட்டியின் மனைவி எலிசபெத் சிடால், அபினி கலந்த மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு 1862இல் இறந்தவர். பின்னால் உள்ள சூரியக் கடிகாரத்தில், இத்தாலியக் கவிஞர் தாந்தே, இந்த ஓவியம் சித்திரிக்கும் தம் காதலி பியாட்ரிஸோடு சேர்த்துப் பேசிய ஒன்பது என்ற எண்ணின் மேல் நிழல் விழுகிறது. இத்தனையும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் அந்தப் பூவை மரணத்தின் அடையாளமாகத் துணிந்து வாசிக்க முடிகிறது. தனியே ஒரு பூவை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இருண்ட பின்னணி என்றால் தனிமை என்று கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். டச்சு ஓவியர் வெர்மீர் 1665ஆம் ஆண்டையொட்டி வரைந்த முத்துக் காதணிப் பெண்ணின் பின்னணி இன்று வெறும் கருமையாகத் தெரிகிறது. ஆனால் அங்கே ஒரு பச்சைத் திரை வரையப்பட்டிருந்ததையும், காலப்போக்கில் நிறம் மாறியதால் அது மறைந்துபோனதையும் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். நாம் ரசித்த மர்மத்தில் ஒரு பங்கு சாயத்தின் வேலை!

கேள்வி: காதலன் படத்திலேயே இல்லாதபோது காதலை எப்படி உணர்வது?

பதில்: பார்வை போகும் இடத்தைக் கவனியுங்கள். ரவிவர்மா 1899இல் வரைந்த 'அன்னமும் தமயந்தியும்' ஓவியத்தில் நளன் இல்லை. அவனைப் பற்றிச் சொல்ல வந்த அன்னத்தின் மீதே அவள் கவனமெல்லாம் நிற்பதால், பார்க்கும் நாம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவளை நேராக நம்மைப் பார்க்கும்படி வரைந்திருந்தால், அந்த ஏக்கம் வெறும் அழகுக் காட்சியாகிவிட்டிருக்கும்.

கேள்வி: சிவப்பு உடை?

பதில்: சில வேளை காதல், சில வேளை வெறும் நிறப் பொருத்தம்.