பல்கலைக்கழக மருத்துவமனை வேலைகள்: கேள்வி பதில்

கேள்வி: நான் படித்தது வணிகவியல். மருத்துவமனையில் எனக்கென்ன வேலை?

பதில்: காப்பீட்டுக் கணக்கு, கொள்முதல், ஆய்வு நிதிக் கணக்கு என்று பல உண்டு. பல்கலைக்கழக மருத்துவமனை வைத்தியத்தோடு நிற்பதில்லை; பாடம் நடத்துகிறது, ஆராய்ச்சியும் செய்கிறது. நிதி தந்தவர் எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று வரையறுத்திருப்பார். பேராசிரியர்கள் அதைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும்!

கேள்வி: நுண்ணுயிரியல் முடித்திருக்கிறேன் அக்கா. ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக, தம்பி. புது மருந்துச் சோதனைகளின் அன்றாடப் பொறுப்பு இவர்கள் தலையில்தான். நோயாளி விவரம் புரிந்துகொண்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டாரா, மருந்துக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததா, அடுத்த பரிசோதனைக்கு ஆள் வந்தாரா என்று பார்க்க வேண்டும். கடுமையான பக்கவிளைவு என்றால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நேர்முகத்தில் நான் விரும்பிக் கேட்டுவந்த கேள்வி: பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வீர்கள்? வெள்ளை மை பூசுவேன் என்றால் கதை முடிந்தது. ஒற்றைக் கோடு போட்டு, பழைய எழுத்து தெரியும்படி விட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். சேருவதற்கு முன்பே நன்மருத்துவ ஆய்வு நெறிமுறைப் (Good Clinical Practice, GCP) பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: "திட்டப் பணி" என்று விளம்பரத்தில் இருக்கிறது. நம்பிச் சேரலாமா?

பதில்: சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஆய்வு நிதியிலிருந்து என்றால், நிதி தீரும் நாளில் பணியும் தீரலாம். இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. முகம் சுளிக்கிறவரிடம் வேலை பார்ப்பதும் சிரமம்தான்.

கேள்வி: வார்டு நர்ஸாக இருக்கிறேன். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துவரவில்லை.

பதில்: தொற்றுத் தடுப்புப் பிரிவு, ஆய்வு நர்ஸ், செவிலியர் பயிற்சி ஆகிய மூன்றும் பெரும்பாலும் பகல் வேலை. மருத்துவமனைக்குள்ளேயே பிரிவு மாறுவதற்கான அறிவிப்புகளைப் பாருங்கள்; பல காலியிடங்கள் வெளி விளம்பரத்துக்கே வராமல் நிரம்பிவிடுகின்றன.

கேள்வி: பள்ளிப் படிப்பு மட்டும்தான். துப்புரவு தவிர வேறு உண்டா?

பதில்: கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் பயிற்சி கொடுத்து எடுக்கும் இடங்கள் உண்டு. அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, பொட்டலம் கட்டி, 121 அல்லது 134 டிகிரி நீராவியில் வைப்பார்கள். பொட்டலத்தின் நாடாவில் கோடு கறுத்தால் அது வெப்பத்தைப் பார்த்தது என்று மட்டுமே பொருள்; கிருமி செத்ததா என்பதற்குத் தனிச் சோதனை. இந்த வேறுபாடு தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

கேள்வி: சேரும் முன் தடுப்பூசி கேட்பார்களா?

பதில்: நோயாளியையோ ரத்தத்தையோ தொடும் பணி என்றால் ஹெபடைடிஸ் பி கேட்பார்கள். வழக்கமான முறையில் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. ஆகவே விண்ணப்பிக்கும்போதே தொடங்குங்கள். முன்பே போட்டு அட்டையைத் தொலைத்திருந்தால், எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம்.