ஆன்லைனில் வரலாறு வகுப்பு: விளக்கவுரையை வெளியே எடுங்கள், சான்றை உள்ளே கொண்டுவாருங்கள்

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். இந்தப் பருவம் முழுக்க ஆன்லைன் வகுப்புதான். 36 பிள்ளைகள், வாரத்துக்கு 3 வகுப்பு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஸ்லைடு போட்டு விளக்குகிறேன். கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் அதே நான்கு பேர்தான் வாய் திறக்கிறார்கள். வீட்டுப்பாடத்துக்கு இணையத்தில் எடுத்த ஒரே பதில் பாதி வகுப்பிடமிருந்து வருகிறது. பலர் பெற்றோரின் போனில்தான் சேர்கிறார்கள். எதை முதலில் மாற்றுவது?

பதில்: ஆன்லைன் நேரலை வகுப்பில் நீங்கள் பேசும் நேரத்தை முதலில் குறையுங்கள். பள்ளி வகுப்பறைக்குள் 25 நிமிடம் விளக்கினால், முகங்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். திரையில் அந்த வசதி போய்விடுகிறது. நீங்கள் பேசப் பேச, பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை. செய்ய ஒன்றுமில்லாத இடத்தில் 12 வயதுப் பிள்ளை வேறு வேலை பார்க்கத்தான் செய்யும். ஆகவே கதையும் பின்னணியும் ஒலிப்பதிவாக முந்தின நாளே போகட்டும். நேரலை வகுப்பு முழுவதும் ஒரே ஒரு சான்றை (பழைய கடிதம், கல்வெட்டு போன்ற ஒன்றை) சேர்ந்து படிக்கவும், அதன் மேல் ஒரே ஒரு கேள்விக்கு வாதாடவும் இருக்கட்டும்.

ஒலிப்பதிவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 10 நிமிட வீடியோ நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதிவானாலும் 75 எம்பி ஆகிவிடும். அதே 10 நிமிடத்தை நொடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் ஒலியாக மட்டும் பதிந்தால் 2.4 எம்பிதான். பெற்றோரின் போனில் எது இறங்கும் என்று சொல்லவே வேண்டாம். பதிவில் மூன்று பெயர், இரண்டு ஆண்டுக்கு மேல் போகாதீர்கள். முடிவில் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டு நிறுத்துங்கள். வகுப்பின் முதல் 4 நிமிடம் அந்தக் கேள்விக்குத்தான். கேட்காமல் வந்தவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதற்காகத் திட்ட வேண்டியதில்லை, அடுத்த வாரம் அவர்களே கேட்டுவிட்டு வருவார்கள்.

சான்று 80 முதல் 120 சொல்லுக்குள் இருக்க வேண்டும். மூலத்தை நீங்களே எளிமையாக்கினால் மேலே ‘சுருக்கம்’ என்று குறித்துவிடுங்கள். ஏ4 அளவு பிடிஎஃப் அனுப்பாதீர்கள். 12 புள்ளி எழுத்து போன் திரையில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். சாதாரண செய்தியாகவே எழுத்தை அனுப்புங்கள். படமாகத்தான் வேண்டும் என்றால் போன் திரையைப் போல நீளவாக்கில் பக்கம் அமைத்து, ஒரு வரிக்கு ஐந்தாறு சொல் வருமாறு எழுத்தைப் பெரிதாக்குங்கள். வரிகளுக்கு எண் போட மறக்காதீர்கள். ‘5-ஆம் வரியைப் பாருங்கள்’ என்று சொல்ல முடியாவிட்டால் சேர்ந்து படிக்கவே முடியாது.

ஒரு வகுப்பை அப்படியே பிரித்துப் பார்ப்போம். பாடம் ரோமானியப் பேரரசு, நிகழ்வு கி.பி. 79-இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்து பொம்பெயி நகரம் புதையுண்டது. சான்று, அதை நேரில் கண்ட ரோமானியர் இளைய பிளினி வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதம். வெடித்தபோது பிளினிக்கு வயது 17. மலையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, நேப்பிள்ஸ் வளைகுடாவின் மறுபுறம் மிசேனம் என்ற ஊரில் இருந்தார். மாமா மூத்த பிளினி அங்கே கடற்படைத் தளபதி. மீட்கப் போன மாமா திரும்பவில்லை. கடிதம் எழுதப்பட்டது ஏறத்தாழ 25 ஆண்டு கழித்து.

தொடக்கக் கேள்வி முடிந்ததும் ஒரு பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள் (3 நிமிடம்). பிறகு வேலை இதுதான்: பிளினி கண்ணால் கண்டதற்குப் பக்கத்தில் ‘க’, பிறர் சொல்லிக் கேட்டதற்கு ‘கே’, அவராக நினைத்துக்கொண்டதற்கு ‘நி’ என்று நோட்டில் வரி எண்ணோடு குறிக்க வேண்டும். 6 நிமிடம், முழு அமைதி, நீங்களும் பேசக் கூடாது. பைன் மரம்போல் எழுந்த புகைமேகம் ‘க’. மாமாவின் கடைசி மணி நேரங்கள் ‘கே’, ஏனென்றால் பிளினி அங்கே இல்லை. ‘கூட வருகிறாயா’ என்று மாமா கேட்டதற்கு, படிக்க வேண்டும் என்று பிளினி மறுத்துவிட்டார். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்போது வகுப்பின் சத்தம் மாறும். நாம் சொல்லிவிட்டால் ஒன்றும் நடக்காது.

அடுத்த 8 நிமிடம் குழு வேலை, 8 நிமிடம் குழுக்களின் பதிலை வைத்து வாதம். கடைசி 8 நிமிடத்துக்கு இரண்டாவது சான்றை இறக்குங்கள். கடிதத்தின் வழக்கமான வாசகப்படி வெடிப்பு நடந்தது ஆகஸ்ட் 24. ஆனால் 2018-இல் பொம்பெயியில் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய வரி ஒன்று கிடைத்தது. அதில் உள்ள தேதி நம் நாட்காட்டிக்கு அக்டோபர் 17; ஆண்டு குறிப்பிடவில்லை. எதை நம்புவது? கரி எளிதில் அழிந்துவிடும், ஆகவே வெடிப்புக்குச் சற்று முன்பு எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்லும். ஆண்டே இல்லையே, முந்தின வருடத்ததாக இருந்தால் என்று மறுபக்கம் கேட்கும். இரண்டும் நல்ல வாதம். தீர்ப்பு சொல்லிவிடாமல் வகுப்பை முடியுங்கள். கணக்குப் பார்த்தால் 37 நிமிடம் ஆகிறது. மிச்சம் 3 நிமிடத்தை இணைய இழுபறி தின்றுவிடும், அதைத் திட்டத்திலேயே விட்டுவையுங்கள்.

அதே நான்கு பேர் மட்டும் பேசுவதற்கு மருந்து சாட் பெட்டிதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. எல்லோரும் பதிலை அடிக்க வேண்டும், நீங்கள் ‘இப்போது’ என்று சொல்லும்வரை யாரும் அனுப்பக் கூடாது. முதல் பதில் திரையில் விழுந்த நொடியே மற்ற 35 பேரின் யோசனை நின்றுவிடும். பார்த்து எழுதுவது மட்டும்தான் மிஞ்சும். போனில் தமிழில் தட்டச்சு செய்ய ஒரு வரிக்கு ஒன்றரை நிமிடமாவது கொடுங்கள். அந்த அமைதி உங்களுக்கு நீளமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள், இடையில் குறிப்புக் கொடுத்துக் கெடுக்காதீர்கள். தட்டச்சு வராதவர் நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டும்.

வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் ஆன்லைன் குழு அறைகளில் பெரும்பாலும் நடப்பது மௌனம். பிள்ளைகளுக்குக் கூச்சம் என்று நினைக்கிறோம். உண்மையில் ‘விவாதியுங்கள்’ என்பது ஒரு வேலையே இல்லை. கையில் முடிவாக என்ன இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்: ‘பிளினியின் கூற்றுகளில் மிகக் குறைவாக நம்பத்தக்கது எது, ஏன்? ஒரே வாக்கியம், வரி எண்ணோடு.’ நான்கு பேர் கொண்ட 9 குழு. படிப்பவர், எழுதுபவர், சொல்பவர், நேரம் பார்ப்பவர் என்று அறைக்கு அனுப்பும் முன்பே பெயர் சொல்லிவிடுங்கள். உள்ளே போய் முடிவு செய்யச் சொன்னால் 3 நிமிடம் அதிலேயே போகும். ஒரே ஸ்லைடு கோப்பில் 9 எண்ணிட்ட பக்கம் வைத்துக் குழுவுக்கு ஒன்று கொடுத்தால், எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று உங்கள் திரையில் ஓரப்பார்வையிலேயே தெரியும். அந்த அறைக்கு முதலில் போங்கள். யாராவது அடுத்த குழுவின் பக்கத்தை அழித்துவிடுவார்கள், அது உறுதி. பழைய பதிப்புகளை மீட்கும் வசதி எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் திருத்தும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

காலக்கோட்டைத் திரையில் போடுவதில் பயன் குறைவு. வீட்டில் தாள்களை ஒட்டி 50 சென்டிமீட்டர் நீளப் பட்டை செய்யச் சொல்லுங்கள். 1 சென்டிமீட்டருக்கு 100 ஆண்டு என்றால் 5000 ஆண்டும் அடங்கிவிடும். அதில் தன் 12 வயது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் என்று பிள்ளை தானே அளந்து பார்க்கட்டும். பட்டை சுவரில் இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு புள்ளி சேரும். இங்கே தவறாமல் வரும் பிழை கி.மு., கி.பி. சந்திப்பில். ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டார் என்றால் பிள்ளைகள் 41 என்பார்கள். சுழிய ஆண்டு இல்லை என்பதால் 40. பட்டையில் கை வைத்து எண்ணினால் புரியும், வாயால் சொன்னால் புரியாது. வரைபடமும் இப்படியே கையால் நகலெடுக்கட்டும். இன்றைய நாட்டு எல்லைகள் இல்லாத வெறும் கரைக்கோடும் ஆறுகளும் கொண்ட படமாகக் கொடுங்கள்.

இணைய அருங்காட்சியகங்களுக்குப் பிள்ளைகளை ‘சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று அனுப்புவதில் பலனில்லை. ஒரே பொருள், மூன்று கேள்வி போதும்.

இனி நகலெடுப்பு. ‘அசோகர் ஏன் போரைக் கைவிட்டார்?’ என்று கேட்டால் தேடுபொறியோ ஏஐயோ நொடியில் பதில் தரும். ஒரே பதில் பலரிடமிருந்து வருவதில் வியப்பில்லை, கேள்வியே அதைத்தான் கேட்கிறது. கேள்வியைச் சான்றோடு கட்டிப்போடுங்கள். அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டுக் கட்டளையின் சுருக்கத்தைக் கொடுங்கள்: கலிங்கப் போரில் ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டனர், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், அரசர் வருந்துகிறார். கூடவே ஒரு தகவலையும் கொடுங்கள்: கலிங்கத்திலேயே (இன்றைய ஒடிசாவில்) உள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இரு இடங்களிலும் இந்தக் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. அங்கே 11, 12, 13-ஆம் கட்டளைகளுக்குப் பதிலாக வேறு இரண்டு கட்டளைகள் உள்ளன. அவற்றில் ‘எல்லா மனிதரும் என் பிள்ளைகள்’ என்ற வாசகம் வருகிறது. கேள்வி: தோற்ற மக்கள் படிக்கக்கூடிய இடத்தில் ஏன் அந்த வருத்தத்தைப் பொறிக்கவில்லை? இரண்டு காரணம் ஊகியுங்கள், எதை நம்புகிறீர்கள், எந்த வரியை வைத்து?

இதற்கும் ஏஐ பதில் எழுதும். அதனால் எழுத்தோடு நிறுத்தாமல் வாய்மொழிச் சோதனையும் வையுங்கள். வகுப்புக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், அவர்கள் எழுதியதிலிருந்தே ஒரு கேள்வி: ‘இந்தச் சொல்லை ஏன் போட்டாய்?’ 9 வகுப்பில், அதாவது 3 வாரத்தில், எல்லோரையும் தொட்டுவிடலாம். பெயர்ப் பட்டியல் வரிசையில் போகாதீர்கள். முறை எப்போது என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இந்த 4 நிமிடத்துக்குத் தொடக்கக் கேள்வியின் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் சோதிக்கும்போது மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு நோட்டில் எழுதட்டும்.

மதிப்பெண்ணை நான்காகப் பிரியுங்கள்: தெளிவான முடிவு, அதற்கு வரி எண்ணோடு ஆதாரம், சான்றைச் சொன்னவர் யார் எப்போது என்ற கவனம், மறுபக்க வாதம் ஒன்று. நீளத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே அறிவித்துவிட்டால் நகலெடுத்த பத்திகள் பாதி குறையும். 36 பேருக்கும் எழுதித் திருத்த முனைந்தால் நீங்கள்தான் களைத்துப்போவீர்கள். ஆளுக்கு 40 நொடி வாய்ஸ் நோட், அதில் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று. 36 பேருக்கும் சேர்த்துப் பேசும் நேரம் 24 நிமிடம்தான். பலர் செய்த ஒரே பிழையை வகுப்புக்குப் பொதுவாக ஒரு பதிவில் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

கேமராவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பின்னால் தெரியும் வீட்டைக் காட்ட விரும்பாத பிள்ளைகள் இருப்பார்கள். சாட் பதிலும் நோட்டுப் படமும் வருகைக்குப் போதிய அத்தாட்சி. போர், அடிமைமுறை, இனப்படுகொலை போன்ற பாடங்களில் ‘நீ அடிமையாக இருந்தால்’ என்ற வகை நடிப்புப் பயிற்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, துண்டாக வெட்டிய பதிவு எங்கே சுற்றும் என்றும் தெரியாது. அழுத்தமான சான்றை முன்னறிவிப்போடு கொடுத்து, எழுதியவரின் குரலிலேயே படிக்க விடுங்கள்.

வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைக்கு முழு வகுப்பின் வீடியோப் பதிவை அனுப்புவது வழக்கம். யாரும் பார்ப்பதில்லை, மற்ற பிள்ளைகளின் முகமும் குரலும் அதில் போய்விடுகின்றன. அதற்குப் பதில் ஒலிப்பதிவும் சான்றும் போகட்டும். ‘க’, ‘கே’, ‘நி’ குறித்த நோட்டுப் படத்தையும் ஒரு நிமிட வாய்ஸ் நோட்டையும் அடுத்த வகுப்புக்கு முன் வாங்கிக்கொள்ளுங்கள்.