ரொட்டி விலையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியை எப்படி நடத்தினாலும் பிள்ளைகள் 1789, பாஸ்டில் சிறை, பதினாறாம் லூயி என்று ஒப்பிப்பதோடு சரி. சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கை வழியாக நடத்தினால் மனதில் நிற்கும் என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? போர்ஷனும் முடிக்க வேண்டுமே?

பதில்: டீச்சர், ரொட்டியிலிருந்து தொடங்குங்கள். முதல் பீரியடில் அரசர் பெயரையே எடுக்க வேண்டாம். கரும்பலகையில் சில எண்கள் போதும்.

அன்றைய பாரிஸ் தொழிலாளி வீட்டில் சாப்பாடு என்றால் முக்கியமாக ரொட்டிதான். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள ஒரு ரொட்டி சாதாரண நாட்களில் 8 அல்லது 9 சூ. சூ என்பது அவர்களுடைய சில்லறைக் காசு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு அப்படி இரண்டு ரொட்டி வேண்டும். கூலியாளுக்குக் கிடைத்ததோ ஒரு நாளைக்கு 25 முதல் 30 சூ. 1789 பிப்ரவரியில் ஒரு ரொட்டி 14.5 சூ ஆனது. இவ்வளவையும் எழுதிவிட்டு, "வாடகைக்கும் விறகுக்கும் என்ன மிஞ்சும்?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். 29 சூ ரொட்டிக்கே போய்விடுகிறது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

விலை ஏன் ஏறியது என்று அவர்களே கேட்பார்கள். 1788 ஜூலை 13 அன்று பெய்த ஆலங்கட்டி மழை பாரிஸைச் சுற்றியிருந்த பயிர்களை நாசமாக்கியது. அடுத்து வந்த கடுங்குளிரில் ஆறுகள் உறைந்தன. தண்ணீரில் சுழலும் மாவு ஆலைகள் நின்றன. கோதுமை கையில் இருந்தாலும் அரைக்க வழியில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால், "பசி வந்தது, அதனால் புரட்சி வந்தது" என்றுதான் விடைத்தாளில் வரும். அது தவறு. 1775-லும் விலை ஏறிக் கலவரம் வெடித்தது. படை வந்து அடக்கியது, அத்தோடு முடிந்தது. அன்று வராத புரட்சி 14 ஆண்டு கழித்து ஏன் வந்தது? ரொட்டிக் கதையைச் சொல்வதே இந்தக் கேள்விக்காகத்தான். இதற்கு விடை தேடப் போனால் அரசின் கடன் வரும். 1789 மே 5 அன்று, அரண்மனை இருந்த வெர்சாயில் கூடிய மூன்று எஸ்டேட்களின், அதாவது குருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று பிரிவினரின், சபை வரும். அதற்கு முன் ஊர் ஊராகக் குறைகளை எழுதி வாங்கிய ஏடுகள் வரும். பாடப்புத்தகத்தை அப்போது திறங்கள்.

அந்த ஏடுகள் வகுப்பறைக்குப் பொக்கிஷம். உப்பு வரியைப் பற்றிய புலம்பல் அவற்றில் நிறைய. வடபகுதியில் பல இடங்களில் இவ்வளவு உப்பு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமே இருந்தது. நிலப்பிரபு வளர்க்கும் புறாக்கள் விதைத்ததைத் தின்னும். உழவன் அவற்றைக் கொல்லக் கூடாது. நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழித்த ஆகஸ்ட் 1789 தீர்மானங்களில் இந்தப் புறாக்கூண்டு உரிமையும் ஒன்று. புறாவைச் சொன்னால் 'நிலப்பிரபுத்துவம்' என்ற சொல்லுக்கு உயிர் வந்துவிடும். கூடவே, இந்த ஏடுகளில் பலவற்றை எழுதியது வக்கீலோ பாதிரியாரோதான் என்பதையும் சொல்லுங்கள். ஊரார் பேசியதில் எது ஏட்டில் ஏறியது, எது விடுபட்டிருக்கும் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். "உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவாகிறது?" என்று ஒப்பிடச் சொல்லாதீர்கள். சில பிள்ளைகள் கூசிப் போவார்கள். பாரிஸ் கணக்கே போதும். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று அரசி சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமில்லை, விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் 1789 அக்டோபர் 5-ஐச் சொல்லுங்கள். ரொட்டி கேட்டுப் பாரிஸ் சந்தைப் பெண்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மழையில் நடந்து வெர்சாய் போனார்கள். மறுநாள் அரச குடும்பத்தையே பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள்.

போர்ஷன் கவலை வேண்டாம். ரொட்டிக்கு ஒரு பீரியட், 1775 கேள்விக்கும் ஏடுகளுக்கும் ஒன்று. பாஸ்டில், எஸ்டேட்கள், லூயி எல்லாம் அதற்குப் பின் விரைவாகவே நகரும்.