மூணுல ரெண்டு பங்கு கையில இருந்தா எதையும் மாத்தலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சட்டக்கல்லூரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். கேசவானந்த பாரதி கேஸ் நடத்துனாங்க, கேட்டதுல இருந்து ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. அரசியல் சட்டத்த எப்படித் திருத்தணும்னு 368-வது பிரிவுல தெளிவா இருக்கு, எதத் திருத்தக்கூடாதுன்னு எங்கயும் எழுதல. அப்படி இருக்கும்போது ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்புன எம்பிக்கள் மூணுல ரெண்டு பங்கு பேர் சேர்ந்து செய்யற திருத்தத்த, யாரும் ஓட்டுப் போடாத ஜட்ஜுங்க 'அடிப்படைக் கட்டமைப்பு'ன்னு சொல்லி எப்படி ரத்து பண்ணலாம்? இது ஜனநாயக விரோதம் இல்லையா? நம்ம ஊர் இடஒதுக்கீட்டையே கோர்ட் ரத்து பண்ணி பார்லிமென்ட் திருத்தம்தான சார் காப்பாத்துச்சு? பேர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

பேர் போடல. பார்லிமென்ட் அரசியல் சட்டத்த திருத்தலாம், ஆனா அதோட அடிப்படைக் கட்டமைப்ப உடைக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான் கேசவானந்தா தீர்ப்பு. நீங்க கேட்டத 1973-லயே ஆறு ஜட்ஜுங்க கேட்டாங்க, 13 பேர் பெஞ்ச்ல ஏழுக்கு ஆறுன்னு மயிரிழைலதான் அந்தத் தீர்ப்பே வந்துச்சு, அதனால இப்படி யோசிக்கறதுல தப்பே இல்ல.

கடைசி வரில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல நீங்க சொல்றது சரி. மெட்ராஸ் மாகாணத்துல சாதி, மத வாரியா சீட்டு பிரிச்ச கம்யூனல் ஜி.ஓ.ன்னு ஒரு அரசாணை இருந்துச்சு, மெடிக்கல் இன்ஜினியரிங் காலேஜ்ல 14 சீட்டுன்னா பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் கேஸ்ல இது செல்லாதுன்னு ஹைகோர்ட்டும் சொல்லிருச்சு, 1951 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. பெரியார் போராட்டம், மாகாணம் முழுக்க கொந்தளிப்பு, ஜூன்லயே முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டவங்களுக்கு தனி ஏற்பாடு செய்யலாம்ங்கற 15(4) சேர்ந்துச்சு. ஆனா இதுல ஒண்ணு கவனிச்சீங்களா, அந்தத் திருத்தத்தப் பண்ணது எல்லாரும் ஓட்டுப் போட்டு வந்த பார்லிமென்ட்டே கிடையாது, மொத பொதுத்தேர்தலே அதுக்கப்புறம் 1951 அக்டோபர்லதான் ஆரம்பிச்சுது. அத யாரும் பெரிய குறையா இன்னிக்கு பேசறதில்ல, ஏன்னா அது யாரோட ஓட்டையும் பறிக்கல, அடுத்து வர்றவங்க கைய கட்டல.

ஆக திருத்தம்ங்கறது வேணும். 2023 வரைக்கும் 106 திருத்தம் ஆகியிருக்கு, அடிப்படைக் கட்டமைப்புன்னு சொல்லி கோர்ட் அடிச்சது கைவிரல் விட்டு எண்ணிடலாம். பிரச்சனை 'எல்லாத்தையுமா'ங்கற இடத்துலதான் வருது.

இதுக்கு ஒரு கதை இருக்கு, நம்மாளுங்க அதிகம் பேசறதில்ல. டீட்ரிஷ் கான்ராட்னு ஒரு ஜெர்மன் சட்ட அறிஞர், 1965 பிப்ரவரில பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல ஒரு லெக்சர் குடுத்தாரு. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு குடுக்கற 21-வது பிரிவ திருத்தி, சட்டத்தோட அனுமதியே இல்லாம ஒருத்தன் உயிர எடுக்கலாம்னு கொண்டு வர முடியுமான்னு கேட்டாரு. இன்னொண்ணு கேட்டாரு பாருங்க, மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டிய வச்சுக்கிட்டு முதல் பிரிவ திருத்தி இந்தியாவ தமிழ்நாடு, ஹிந்துஸ்தான்னு ரெண்டா பிரிச்சுடலாமான்னு. மாசத்த கவனிங்க, 1965 பிப்ரவரி, இங்க இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல துப்பாக்கிச்சூடு நடந்துக்கிட்டிருந்த நேரம். அந்த லெக்சர் மெட்ராஸ்ல பெரிய வக்கீலா இருந்த எம்.கே. நம்பியார் கைக்கு வந்து, அவரு கேசவானந்தாவுக்கு முன்னாடி இதே கேள்விய சுப்ரீம் கோர்ட் விசாரிச்ச கோலக்நாத் கேஸ்ல இந்த வாதத்த வச்சாரு, அங்க இருந்துதான் அது கேசவானந்தாவுக்குப் போச்சு.

ஜெர்மன்காரருக்கு இது ஏன் உறுத்துச்சுன்னா, அவங்க ஊர்ல இது நடந்த விஷயம். 1933 மார்ச்ல ஹிட்லருக்கு எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் குடுத்த சட்டம், கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள உள்ளயே விடாம, வாசல்ல அடியாட்கள நிறுத்தி வச்சு, மூணுல ரெண்டு பங்கு ஓட்டோட முறைப்படி பாஸ் ஆன சட்டம். அதனாலதான் 1949-ல புதுசா அரசியல் சட்டம் எழுதும்போது அதோட 79(3)-வது பிரிவுல இன்னின்ன விஷயத்த திருத்தவே முடியாதுன்னு எழுதியே வச்சுட்டாங்க. நம்மகிட்ட அந்த வரி இல்ல, உங்க வாதத்துல பலமான பாயிண்டே அதுதான், ஒத்துக்கறேன்.

இனி நம்ம கதை. 1975 ஜூன் 12, இந்திரா காந்தி ஜெயிச்சது செல்லாதுன்னு அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பு. 25-ஆம் தேதி ராத்திரி எமர்ஜென்சி. அப்பீல் சுப்ரீம் கோர்ட்ல ஆகஸ்ட் 11 விசாரணைக்கு வரணும். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாருங்க: 7-ஆம் தேதி 39-வது திருத்தம் லோக்சபால பாஸ், 8-ஆம் தேதி ராஜ்யசபா, 9-ஆம் தேதி மாநில சட்டசபைங்க ஒப்புதல், 10-ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்து. நாலே நாள். பிரதமரோட தேர்தல் சம்பந்தமா முன்னாடி இருந்த தேர்தல் சட்டம் பொருந்தாது, கோர்ட் ரத்து பண்ணியிருந்தாலும் அந்த ரத்தே ரத்து, தேர்தல் செல்லும். 368-ல சொன்ன ஒவ்வொரு படியும் சுத்தமா பின்பற்றியிருக்காங்க, நீங்க கேக்கற மூணுல ரெண்டு பங்கும் இருந்துச்சு, என்ன, எதிர்க்கட்சி எம்பிங்க பல பேர் ஜெயில்ல இருந்தாங்க.

நவம்பர்ல அஞ்சு பேர் பெஞ்ச் அந்த ஷரத்த செல்லாதுன்னு தள்ளிருச்சு. அந்த அஞ்சு பேர்ல நாலு பேர் கேசவானந்தா கேஸ்ல 'பார்லிமென்ட் எதையும் திருத்தலாம்'னு எழுதுன பக்கம் இருந்தவங்க! தாங்க ஒத்துக்காத தீர்ப்ப வச்சே தீர்ப்பு சொல்ல வேண்டிய நிலைமை வந்துச்சு. (இந்திரா காந்தி தேர்தல் என்னமோ செல்லும்னுதான் முடிஞ்சுது, தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டு மாத்தியிருந்தாங்க, அதுல தப்பிச்சுட்டாங்க.)

அடுத்த வருஷம் 42-வது திருத்தம், இனிமே எந்தத் திருத்தத்தையும் எந்த கோர்ட்டும் கேள்வி கேக்க முடியாதுன்னு 368-லயே சேர்த்தாங்க. அத பாஸ் பண்ண லோக்சபா 1971 மார்ச்ல தேர்ந்தெடுத்தது, அஞ்சு வருஷம் 1976 மார்ச்லயே முடிஞ்சு போச்சு, தனக்குத்தானே ஆயுள நீட்டிக்கிட்டு உக்காந்திருந்த சபை. ஜனங்க ஓட்டுப் போட்ட எம்பிங்கன்னு சொல்றீங்களே தம்பி, எந்த ஓட்டு? 1980-ல மினர்வா மில்ஸ் கேஸ்ல அந்த ஷரத்தும் போச்சு.

அதனால நான் இத இப்படித்தான் பாக்கறேன். மெஜாரிட்டிக்கு மரியாதை வர்றதே அது அடுத்த தடவ மாறலாம்ங்கறதாலதான். ஒழுங்கான தேர்தல், வாய தொறந்து பேசற உரிமை, ஜெயில்ல போட்டா ஏன்னு கேக்க ஒரு கோர்ட், மாநிலத்துக்குன்னு ஒரு ஆட்சி, இதெல்லாம் இருந்தாத்தான் இன்னிக்கு தோத்தவன் நாளைக்கு ஜெயிக்க முடியும். அதையே வெட்டற திருத்தம் ஏறி வந்த ஏணிய மேல இழுத்துக்கற வேலை. நிலச்சீர்திருத்தம், இடஒதுக்கீடு, வரி, எதா இருந்தாலும் நாளைக்கு வர்றவன் மாத்திக்கலாம், இது மட்டும் வேற ரகம். கேசவானந்த பாரதியே பாருங்க, காசர்கோடு எடநீர் மடத்து நிலத்துக்காகத்தான் கேஸ் போட்டாரு, கேரளா நிலச்சீர்திருத்தச் சட்டத்த கோர்ட் தொடல, மடத்துக்கு ஒரு லாபமும் இல்ல.

இப்ப நீங்க பயப்படற பக்கத்துக்கு வரேன், அந்த பயம் நியாயம்தான். எது அடிப்படைன்னு லிஸ்ட் கிடையாது, கேஸ் கேஸா ஜட்ஜுங்க சேத்துக்கிட்டே போறாங்க. 1994-ல பொம்மை கேஸ்ல மதச்சார்பின்மையும் கூட்டாட்சியும் அடிப்படைன்னு சொன்னப்ப, மாநில ஆட்சிய மத்திய அரசு கலைக்கற 356-வது பிரிவுல ரெண்டு தடவ ஆட்சி கலைக்கப்பட்ட திமுகவுக்கு கசக்குமா என்ன. ஆனா 2015-ல நீதிபதி நியமன ஆணையத்துக்கான 99-வது திருத்தத்த நாலுக்கு ஒண்ணுன்னு அடிச்சாங்க, ஜட்ஜ யார் நியமிக்கணும்னு ஜட்ஜுங்களே முடிவு பண்ண அந்தத் தீர்ப்பு எனக்கு இன்னமும் ஒப்பல. 2007-ல கூடலூர் ஜென்ம எஸ்டேட் நிலத்துல ஆரம்பிச்ச கோயல்ஹோ கேஸ்ல, கேசவானந்தா தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்கு அப்புறம், கோர்ட் கேள்வி கேக்காம இருக்கறதுக்காக சட்டங்கள வைக்கற ஒன்பதாவது அட்டவணைல வச்ச எதையும் சோதிச்சுப் பாப்போம்னு ஒம்பது ஜட்ஜ் சொன்னாங்க, நம்ம 69 சதவீத இடஒதுக்கீடு அங்க போனது 1994-ல. அப்ப அதையும் கோர்ட் சோதிக்கலாம், கணக்கு உங்களுக்கே புரியும்.

ஆனா இந்த ஆயுதம் கோர்ட் கையில மட்டும் இல்லங்கறதையும் பாத்துக்கங்க. பொருளாதார அடிப்படைல 10 சதவீதம் குடுத்த 103-வது திருத்தத்த எதிர்த்துப் போன திமுக, அடிப்படைக் கட்டமைப்பத்தான் கையில எடுத்துச்சு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைய விலக்கி வைக்கறது சமத்துவத்தையே உடைக்குதுன்னு வாதம். 2022 நவம்பர்ல மூணுக்கு ரெண்டுன்னு தோத்துச்சு. அதுல ரவீந்திர பட் எழுதுன மாறுபட்ட தீர்ப்ப, தலைமை நீதிபதி லலித்தும் அதுல சேர்ந்துக்கிட்டாரு, முழுசா படிச்சுட்டு எழுதுங்க, அந்த ரெண்டு பேர் பக்கம் நிப்பீங்களா, இல்ல பார்லிமென்ட் செஞ்சா செஞ்சதுதான்னு சொல்வீங்களான்னு.