மொட்டை மாடி, கயிறு, புளியங்கொட்டை

கேள்வி: மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்பது. சென்னையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். கோடை முகாமுக்குக் கட்டணம் கட்ட வசதி இல்லை. வீட்டுக்குள் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். செல்போன் கொடுக்காமல் லீவை எப்படி ஓட்டுவது?

பதில்: ஓட்டமும் குதிப்பும் மொட்டை மாடியில்தான், காலை எட்டரைக்குள், மாலை ஐந்துக்கு மேல். தளத்தில் சூடு சீக்கிரம் இறங்காது. முதலில் நீங்கள் வெறுங்காலோடு நின்று பாருங்கள். கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான ஆட்டம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

நொண்டியடித்துக் கட்டம் தாண்டும் பாண்டி ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். சாக்பீஸால் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடிச் சதுரம். இதைவிடச் சிறிதானால் கோட்டை மிதித்தாயா இல்லையா என்று சண்டை வரும். பெரிதானால் சின்னவளால் நொண்டித் தாண்ட முடியாது. சில்லுக்கு பாட்டில் மூடி உதவாது, சறுக்கி ஓடிவிடும். உடைந்த ஓட்டுத் துண்டின் கூர்முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிக் கொடுங்கள். அது கிடைக்கவில்லையா, நாலாக மடித்த ஈரத்துணி! போட்ட இடத்தில் அப்படியே உட்காரும். வீட்டு டைல்ஸில் மட்டும் சாக்பீஸ் வேண்டாம், பொடி வழுக்கும்.

வீட்டுக்குள் சத்தமில்லாத ஆட்டம் என்றால் பலூன். தரையில் விழாமல் இடது கையால் மட்டும் தட்ட வேண்டும். ஒன்பது வயதுக்காரனுக்கும் வியர்த்துவிடும். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

கேள்வி: ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தேன். ஆறு வயதுப் பெண், ஒவ்வொரு குதிப்பிலும் கால் சிக்கி, இப்போது தொடவே மாட்டேன் என்கிறாள்.

பதில்: கயிற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். கயிற்றின் நடுவில் நிற்கச் சொல்லுங்கள். இரு முனையும் அக்குள் வரை வந்தால் சரியான அளவு. ஆறு வயதுக்கு ஏறக்குறைய ஆறு அடி. கடைக் கயிறு பெரும்பாலும் இதைவிட நீளம். மெல்லிய பிளாஸ்டிக் கயிற்றில் கனம் இல்லாததால் வளைவு நிற்காமல் சுருண்டு காலில் மாட்டும். ஹார்டுவேர் கடையில் விரல் பருமனுள்ள பருத்திக் கயிறு வாங்கி, இரு முனையிலும் முடிச்சுப் போட்டால் போதும்.

முதலில் கயிறே இல்லாமல் இரண்டு அங்குல உயரம் குதித்துப் பழகட்டும். பிறகு இரு முனையையும் ஒரே கையில் பிடித்துப் பக்கவாட்டில் சுழற்றி, கயிறு தரையில் ‘தட்’ என்று அடிக்கும்போதெல்லாம் குதிக்க வேண்டும். பல பிள்ளைகள் கயிறு தலைக்கு மேல் இருக்கும்போதே குதித்துவிடுகிறார்கள், சிக்குவது அதனால்தான். இது கைவந்த பிறகே இரு கையால் சுற்றுவது. முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் கைக்குட்டையைச் செருகிவிடுங்கள். அது விழாமல் சுற்றினால் தோள் சும்மா இருக்கிறது, மணிக்கட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் கெண்டைக்கால் வலிக்கும்.

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி கற்றுத்தர ஆசை. பலகை இல்லை. பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள்.

பதில்: அட்டை முட்டைத் தட்டில் ஆறு குழி உள்ள இரண்டு வரிசையை வெட்டுங்கள், பக்கத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் சேர்த்தால் பதினான்கு. முட்டை உடைந்து ஒழுகிய தட்டு வேண்டாம். குழிக்கு ஐந்து வீதம் எழுபது காய் போட்டால் ஆட்டம் நீளும், சிறுசுகள் தாங்க மாட்டார்கள். மூன்று வீதம் நாற்பத்திரண்டு போடுங்கள். நான்கு காய் சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் விதியை ஒரு வாரம் கழித்துச் சேர்க்கலாம்.

காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ நல்லது. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள்: மென்றாலோ ஓடு உடைந்ததை விழுங்கினாலோ கொடிய விஷம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் ஆட்டம் முடிந்ததும் புளியங்கொட்டையையும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். எண்ணும் வேலையைப் பேரனிடமே கொடுக்கலாம்.